சலாபத்துக் கொலராவும் ஜீவனிப் பக்கற்றும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

அரிப்புக் கடற்கரையில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும் அந்தப் பழைய மாளிகை எல்லோருக்கும் தெரியும். அல்லிராணி கோட்டை என்று சொல்லி அதன் முன் நின்று படம் பிடிக்கிறோம். அதைக் கட்டியது அல்லிராணி அல்ல. இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது. வெறும் மணலும் முட்பற்றையுமான இந்தக் கரையில் ஒரு தேசாதிபதி வீடு கட்டினார் என்றால், இங்கே கிடந்த பணம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

முத்துக்குளிப்பை நம் முன்னோர் சலாபம் என்பார்கள். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் சலாபம். அந்த வாரங்களில் சிலாவத்துறையிலும், கொண்டச்சியிலும், பிற்காலத்தில் மறிச்சுக்கட்டியிலும் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே முளைக்கும். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுச் சுழியோடிகள், செட்டிமார், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகள், பொலிசார், கள்ளர் எல்லோரும் வருவார்கள். பல்லாயிரம் பேர். சிப்பியை உடைத்து முத்து எடுப்பதில்லை. வெயிலில் குவித்து அழுகவிட்டு, புழு தின்று முடித்த பின் கழுவி எடுப்பார்கள். அந்த நாற்றத்தையும் இலையானையும் பார்த்து எழுதாத வெள்ளைக்காரப் பயணி இல்லை என்றே சொல்லலாம். குடிதண்ணீரோ இந்த வறண்ட கரையில் என்றைக்கும் தட்டுப்பாடு.

இந்த நிலையில் கொலரா வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. கொலரா கண்டதும் சுழியோடிகள் தோணியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போக, சலாபம் இடையில் நின்ற ஆண்டுகளும் உண்டு. அரசாங்கத்துக்கு அது வருமான இழப்பு. கரையில் கிடந்தவனுக்கு அது உயிர்.

சலாபம் மட்டுமல்ல. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைகள் இராமேஸ்வரம், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து தோணியில் ஏறி நம் கரையில்தான் இறங்கினார்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் ஏறத்தாழ 150 மைல், கால்நடை. வடக்குப் பாதை என்று பெயர். குளத்துத் தண்ணீரைக் குடித்து நடந்தவர்களை அதே தண்ணீர் வழியாகக் கொலரா பிடித்தது. பாதையோரம் விழுந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை. மலையகத்து உறவுகளுடைய வரலாறும் நம்முடைய வரலாறும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் இடம் இந்தப் பாதை. நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் அதற்கு நாலு வரிதான்.

சரி, அந்த மனிதர்கள் எதனால் இறந்தார்கள்? கொலராவால் என்பது பாதிப் பதில். காலையில் நடந்து வந்தவன் மாலையில் மையித்தாகக் கிடந்தான். காய்ச்சல் பெரிதாக இல்லை, காயம் இல்லை, இரத்தம் சிந்தவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கொலரா முற்றியவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரைக்கும் போகலாம். கண் குழி விழும், தோல் சுருங்கும், கெண்டைக்காலில் பயங்கரமாகக் குரக்கன் பிடிக்கும், நாடி அடங்கும்.

காரணத்தை முதலில் பிடித்தவர் 22 வயது இளைஞர் ஒருவர். பெயர் ஓஷாக்னெசி, அயர்லாந்துக்காரர். 1831இல் இங்கிலாந்தில் கொலரா பரவியபோது நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். இரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்திருந்தன. குறைந்த உப்பு நோயாளியின் மலத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்தில் தோமஸ் லற்றா என்ற மருத்துவர் உப்புத் தண்ணீரை நாளத்துக்குள் ஏற்றிப் பார்த்தார். செத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனின் தொடக்கம் அதுதான். ஆனால் மருத்துவ உலகம் அதைத் தூக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டது. இரத்தம் குத்தி எடுப்பது, இரசம் கலந்த மருந்து, அபின், இவைதான் பல பத்தாண்டுகளுக்கு மரியாதையான சிகிச்சை. உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்து சாகிறவனிடமிருந்து இரத்தத்தையும் எடுத்தார்கள்! நம் கரையில் சலாபங்கள் நடந்த காலமும் அந்தக் காலமேதான்.

(ஓஷாக்னெசி பிறகு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவத்தைவிடத் தந்தியில் பேர் எடுத்தார். இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர் அவரே. 1850களின் இறுதியில் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்தியும் மன்னார் வழியாகத்தான் வந்தது. உப்பும் மின்சாரமும் ஒரே மனிதரிடம் இருந்தன. இரண்டுக்கும் என்ன உறவு என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.)

அந்த உறவைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் உடம்பின் ஒவ்வொரு கலமும் ஒரு சின்ன மின்கலம். சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. கலத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் இருக்கிறது. நரம்புக் கலத்தில் ஏறத்தாழ 70 மில்லிவோல்ற், உட்பக்கம் மறை. 70 மில்லிவோல்ற் என்றால் ரோச் பற்றரியில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அது எவ்வளவு மெல்லிய சுவரில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் துண்டாகப் போட்டால், அதில் ஏழெட்டுத் துண்டுதான் கல மென்சவ்வின் தடிப்பு. கணக்குப் போட்டால் ஒரு மீற்றருக்கு ஒரு கோடி வோல்ற் வருகிறது. உயர்தர மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

இது எங்கிருந்து வருகிறது? 1902இல் ஜேர்மனியில் ஜூலியஸ் பேர்ன்ஸ்டைன் ஒரு விளக்கம் சொன்னார். கலத்துக்குள் பொற்றாசியம் நிறைய இருக்கிறது, வெளியே குறைவு. மென்சவ்வு பொற்றாசியத்தை மட்டும் கசிய விடுகிறது. பொற்றாசியம் நேர் ஏற்றம் கொண்டது. அது வெளியே கசியும்போது உள்ளே நேர் ஏற்றம் குறைந்து, உட்பக்கம் மறையாகிறது. ஓர் அளவுக்கு மேல், அந்த மறை ஏற்றமே பொற்றாசியத்தை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும். இழுபறி சமமாகும் இடம்தான் அந்த மின்னழுத்தம். அதே 1902இல் ஓவர்ட்டன் என்பவர் தவளைத் தசையிலிருந்து வெளிச் சோடியத்தை எடுத்துவிட்டால் தசை துடிக்க மறுப்பதைக் காட்டினார். துடிக்கும்போது சோடியம் உள்ளே போய்ப் பொற்றாசியம் வெளியே வருகிறது போலும் என்று ஊகித்தார். அப்படியானால் எழுபது வருடம் ஓயாமல் அடிக்கும் இதயத்தில் இரண்டும் ஏன் கலந்து சமமாகிவிடவில்லை என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பதில் அவரிடம் இல்லை. கேள்வி மட்டும் சரியான கேள்வி.

அந்த 1902 நமக்கும் மறக்கக் கூடாத ஆண்டு. ஆண்டுக் கணக்கில் சலாபம் பொய்த்துப் போனதால் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அரசாங்கம் அழைத்தது. ஜேம்ஸ் ஹோர்னெல்லோடு அவர் அந்த ஆண்டு தொடக்கத்தில் வந்து நம் பார்களில் சிப்பி வாரினார். ஐந்து தொகுதி அறிக்கையும் வந்தது. உலகத்தின் ஒரு மூலையில் கலத்தின் உப்புக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள், நம் மூலையில் சிப்பிக் கணக்கு. இரண்டும் சந்திக்க இன்னும் எழுபது வருடம் ஆக வேண்டியிருந்தது.

ஓவர்ட்டனுக்குப் பதில் சொன்னவை நம் வாடியில் தினமும் பார்க்கும் சாமான்கள்: கணவாயும் நண்டும். ஊசிக் கணவாயின் உடம்பில் அரை மில்லிமீற்றர் மொத்தத்தில் ஒரு நரம்பிழை ஓடுகிறது. நம்முடையதைவிடப் பல நூறு மடங்கு மொத்தம், கண்ணுக்கே தெரியும். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் அந்த இழைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை நுழைத்து மின்னழுத்தத்தை நேரே அளந்தார்கள். சில வாரங்களில் யுத்தம் தொடங்கி வேலை நின்றது. யுத்தம் முடிந்து வந்து 1952இல் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள், 1963இல் நோபல் பரிசு. 1955இல் ஹொட்ஜ்கினும் கீன்ஸும், முக்கியமாக ஓட்டுக் கணவாயின் நரம்பில், இன்னொன்றைக் காட்டினார்கள். உள்ளே வந்த சோடியத்தைக் கலம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சக்தி கிடைக்காமல் நஞ்சு வைத்தால் தள்ளுவது நின்றுவிடுகிறது. தள்ளும் இயந்திரம் எது? 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்பை அரைத்து அதைக் கண்டெடுத்தார். சோடியம் பொற்றாசியப் பம்பி. மூன்று சோடியத்தை வெளியே போட்டு இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.ரி.பி. செலவு. நண்டுக்கால் நரம்பில் கண்டதற்கு நோபல் பரிசு வர 1997 ஆனது.

பழைய மரவள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகை ஒழுகும். ஒருவர் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் வள்ளம் மிதக்கும், நிறுத்தினால் மெல்லத் தாழும். கலமும் அப்படித்தான். நாம் தூங்கும்போதும் நம் உடம்பின் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, இன்னும் கூடவும் இருக்கலாம், இந்த உப்பு இறைப்புக்கே போகிறது. பிள்ளைகள் பரீட்சையில் “பம்பிதான் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது” என்று எழுதிவிடுகிறார்கள். பம்பி நேரடியாகத் தருவது சில மில்லிவோல்ற்தான். அது செய்வது உள்ளே பொற்றாசியம் கூட, வெளியே சோடியம் கூட என்ற ஏற்றத்தாழ்வைக் காப்பது. மின்னழுத்தத்தின் பெரும் பகுதி பேர்ன்ஸ்டைன் சொன்ன பொற்றாசியக் கசிவால் வருகிறது. இறைப்பும் கசிவும் இரண்டும் வேண்டும்.

இப்போது கொலராவுக்குத் திரும்புவோம். கிருமியை 1884இல் கல்கத்தாவில் றொபேட் கொக் பிரித்தெடுத்துவிட்டார். அது எப்படிக் கொல்கிறது என்பதற்கு இன்னும் 75 வருடம் சென்றது. 1959இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற மருத்துவர், கிருமியே இல்லாமல் வடித்த திரவத்தை முயலின் குடலுக்குள் விட்டுப் பார்த்தார். குடல் தண்ணீரால் நிரம்பியது. ஆக, கொல்வது கிருமி விடும் நஞ்சு. பிறகு வந்தவர்கள் மிச்சத்தைக் கண்டார்கள். அந்த நஞ்சு குடற் கலத்தைக் கொல்வதில்லை, கிழிப்பதுமில்லை. கலத்தின் குளோரைட்டு வாசலைத் திறந்து பூட்ட முடியாமல் செய்துவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் மறை ஏற்றம் சோடியத்தை இழுக்கிறது, உப்புக்குப் பின்னால் பிரசாரணத்தால் தண்ணீர் போகிறது. கூடவே பொற்றாசியமும் போகும். மறிச்சுக்கட்டி மணலில் செத்தவனின் குடற் கலங்கள் அநேகமாக உயிரோடுதான் இருந்தன. ஒரு வாசல் திறந்து கிடந்தது, அவ்வளவே.

சம்புநாத் தேக்கு உயிரோடு இருக்கும்போது பெரிய மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம். 1985இல் காலமானார். அவருடைய பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வாசலைப் பூட்ட முடியாது. ஆனால் இன்னொரு வாசல் இருந்தது. 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் றொபேட் கிறேன் என்ற உயிர் இரசாயன அறிஞர் ஒன்றைச் சொன்னார். குடற் கலம் குளுக்கோசைத் தனியே எடுப்பதில்லை, சோடியத்தோடு சேர்த்தே உள்ளே எடுக்கிறது. இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே கதவால் வருகின்றன. பின்னர் அளந்தபோது ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்று தெரிந்தது. அந்தக் கதவைத் தள்ளும் பலம் எங்கிருந்து? பம்பி இறைத்து இறைத்து உள்ளே சோடியத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. உட்பக்கம் மறை ஏற்றமாக இருக்கிறது. ஆகவே நேர் ஏற்றமுள்ள சோடியத்தை உள்ளே இழுக்க இரண்டு காரணம் தயாராக நிற்கிறது. சீனி வந்தால் கதவு திறக்கும், சோடியம் ஓடி வரும், அதன் பின்னால் தண்ணீர் வரும். கொலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை.

வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் போதாது. உப்பும் சீனியும் சரியான அளவில் சேர்ந்தால், வெளியே கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடலே உள்ளேயும் எடுத்துக்கொள்ளும். 1968இல் டாக்காவில் நலினும் காஷும் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து இதை நிரூபித்தார்கள். ஏற்ற வேண்டிய சேலைன் பெருமளவு குறைந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி, தாதி, அளவு பார்க்கும் ஆள் இல்லாமல் இது சரிவராது என்றே பெரியவர்கள் நினைத்தார்கள்.

நினைப்பை மாற்றியது ஓர் அகதி முகாம். 1971, வங்காளதேச யுத்தம். எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கான அகதிகளிடையே கொலரா. மேற்கு வங்காளத்தின் பொங்காவ்னில் மருத்துவர் திலீப் மஹலானபிஸிடம் இருந்தது இரண்டு அறை, பதினாறு கட்டில். நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். அவர்களுக்கு ஊசி ஏற்றுவதற்கு வாந்தியிலும் மலத்திலும் முழங்காலிட வேண்டியிருந்தது. சேலைன் முடிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடியம் இருகாபனேற்று என்று கலந்து, பெரிய பீப்பாய்களில் ஊற்றி, நோயாளியின் தாயிடமும் சகோதரனிடமும் கோப்பையைக் கொடுத்து நீங்களே புகட்டுங்கள் என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் புகட்டினார்கள். அந்த முகாமில் முன்பு நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். அது 3.6 ஆக இறங்கியது. 1978 தொடக்கம் உலக சுகாதார நிறுவனம் இதை உலகெங்கும் கொண்டுபோனது. மஹலானபிஸ் 2022இல் காலமானார். இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது அடுத்த வருடம்.

நம் ஊர் வாசகர்களுக்கு அகதி முகாம் என்றால் விளக்கம் தேவையில்லை. 1990 ஒக்தோபரில் வெளியேற்றப்பட்டு, கையில் அகப்பட்டதோடு கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இறங்கிய சமூகம் நாங்கள். எங்கள் வயதுக்காரர் பலர் அந்த ஓலைக் கொட்டில்களில் தவழ்ந்தவர்கள். கிணறும் மலசலகூடக் குழியும் அடுத்தடுத்து இருந்த மணல் தரை அது. அதே போன்ற ஓலைக் கொட்டில், அதே போன்ற மணல், அதே போன்ற தண்ணீர்த் தட்டுப்பாடு, நூறு வருடம் முந்திய சலாபத்தில் இருந்தது. வித்தியாசம், நம் உம்மாமாருக்கு ஜீவனிப் பக்கற்று இருந்தது.

இன்றும் அந்தப் பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சோடியம் குளோரைட்டு, குளுக்கோசு, பொற்றாசியம் குளோரைட்டு, சித்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் திருத்திய அளவில் ஒரு லீற்றருக்கு முறையே 2.6, 13.5, 1.5, 2.9 கிராம். பேர்ன்ஸ்டைனின் பொற்றாசியமும் ஓவர்ட்டனின் சோடியமும் கிறேனின் குளுக்கோசும் ஒரே பக்கற்றில்.

இனி நாங்கள் ஆசிரியர் என்பதால் கொஞ்சம் கண்டிப்பு. வயிற்றோட்டம் என்றால் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கூடும் என்று இப்போதும் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. சோடாப் போத்தல் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சீனி கூடினால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பக்கற்றை இரண்டு மூன்றாகப் பிரித்து “கொஞ்சம் கொஞ்சமாக” கரைப்பதும் இதனால்தான் பிழை. ஒரு பக்கற்றுக்கு அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீர், கொதித்து ஆறியது. கரைத்த பின் கொதிக்க வைக்காதீர்கள். 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள். பக்கற்று இல்லாத இரவில், ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உம்மம்மாமார் வடித்துத் தந்த உப்புக் கஞ்சியிலும் நியாயம் இருக்கிறது. சோற்று மாச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து அதே கதவைத்தான் திறக்கிறது. அரிசியால் செய்த கரைசலைக் கொலரா நோயாளிகளிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பிள்ளை சோர்ந்து போனால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், கரைசலை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

ஒரு வேண்டுகோள். அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிப் பக்கத்திலும், மன்னார் மதவாச்சி வீதியோரத்திலும் அந்தக் காலத்துக் கொலரா மையித்துகளை அடக்கிய இடம் என்று பெரியவர்கள் யாராவது காட்டக் கேட்டிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். காடு மூடியிருந்தாலும் பரவாயில்லை, சமயம் எதுவானாலும் பரவாயில்லை. தரம் 11 பிள்ளைகளோடு போய் இடத்தையும், சொன்னவரின் வாய்மொழியையும் எழுதி வைக்க விரும்புகிறோம். சொல்லக் கூடியவர்களுக்கு வயது எண்பது கடந்துவிட்டது, அடுத்த விடுமுறைக்கு முன் சொன்னால் நல்லது.